பகலில் தூங்குகிறவர்கள்

எங்கள் பக்கத்து வீட்டுத் தையல்காரியைப்போல் சத்தமில்லாமல் வாழத் தெரிந்தவளை நான் பார்த்ததில்லை. புருஷன் கிடங்குக் காவல்காரன். இரவெல்லாம் விழிப்பு, பகலெல்லாம் தூக்கம். அவன் தூக்கம் கலையக்கூடாதென்று தையல் மெஷினையே என் வீட்டு வராந்தாவில் போட்டிருந்தாள். பாத்திரத்தைக்கூடத் துணி விரித்துத்தான் வைப்பாள். இருமல் வந்தால் தெருவுக்கு ஓடுவாள். இது கல்யாணமா, ஆயுள் தண்டனையா என்று கேட்டால் சிரிப்பாள்.

அவள் வீட்டுக் கொல்லையில் அடர்த்தியாக ஒரு மரம். குளிர்காலம் வந்தால் எங்கிருந்தோ ஆந்தைகள் வந்து, பகல் முழுக்க அதில் ஒட்டி உட்கார்ந்து தூங்கும். அவளுக்குச் சந்தோஷம் என்று இருந்தது அது ஒன்றுதான். மதியம் சாப்பிட்டதும் மரத்தடியில் போய் நிற்பாள். அவள் நடைக்குக் காவல்காரனே முழித்ததில்லை, ஆந்தையா முழிக்கும்? எப்போதாவது ஒன்று ஒற்றைக் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துவிட்டு மூடிக்கொள்ளும். அன்றைக்கு முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவாது.

ஆசை தாங்காமல் அவனிடமும் சொல்லிவைத்தாள்.

"பகல்ல மட்டும் அதுங்களை எழுப்பிடக் கூடாதுங்க. வெளிச்சத்துல பறந்தா காக்காங்க சூழ்ந்து கொத்தியே கொன்னுடும்."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம், பாவி.

ஒருநாள் முடிவெட்டும் கடையில், "உன் பொண்டாட்டி வீட்டுக்குள்ள ஒரு ஆந்தை, வெளியில ஒரு கூட்டம் வளர்க்கறாளாமே?" என்று கடைக்காரர் கேட்க, இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பாதி வெட்டிய தலையோடு எழுந்து வந்தான். காலி டின் ஒன்றை எடுத்துப்போய், மரத்தடியில் நின்று தடியால் அடித்தான்.

"ஐயோ, வேணாங்க!"

அவள் என் வராந்தாவிலிருந்து ஓடுவதற்குள் எல்லாம் பறந்துவிட்டன. காக்கைகள் சொல்லிவைத்தாற்போல் வந்தன. ஒன்று சுவரோரம் விழுந்தது. அது சாகும்வரை அவை விடவில்லை.

"வேடிக்கை முடிஞ்சுது. போய்ச் சோறு போடு" என்றான்.

போட்டாள். அழக்கூட இல்லை.

மறுநாள் மெஷினைத் தூக்கிக்கொண்டுபோய் அவன் தலைமாட்டில் போட்டாள். கூடவே அந்த டின். அவன் கண் அசரும்போதெல்லாம் டின் அதிரும். கத்தினான், அடித்தான். அடி வாங்கிக்கொண்டே தட்டினாள். வேறு இடம் தேடிப் படுத்தால் டின்னோடு பின்னாலேயே போனாள். கடைசியில், "ஒரு மணி நேரம் தூங்க விடு, தாயே" என்று கெஞ்சினான். குளிர்காலம் முடிவதற்குள் ஒரு ராத்திரி காவலில் தூங்கிவிட்டான். கிடங்கில் திருட்டுப் போனது, அவன் வேலையும் போனது.

சேதி கேட்டுத் தெருவே அவர்கள் வாசலில் கூடியது. முடிவெட்டுகிறவர் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து முன்னால் நின்றார்.

"கதவைச் சாத்துடி. மானம் போகுது" என்றான் கட்டிலில் கிடந்தவன்.

அவள் கதவை விரியத் திறந்தாள்.

"இருக்கட்டுங்க. காக்காங்க வர வேணாமா?" என்றவள் எங்கள் பக்கம் திரும்பி, "வாங்க, எல்லாரும் உள்ள வாங்க" என்றாள்.

போனோம். நானும்தான் போனேன்.