அப்பாவின் இரண்டு பட்டை

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக பண்டார் ஹிலிர் விடுதி ஒன்றுக்குப் போனேன். வாசலில் ஒருவன் கதவின் பித்தளைக் கைப்பிடியைப் பழந்துணியால் தேய்த்துக்கொண்டிருந்தான். டின் பாலிஷ் வாசனை. மண்ணெண்ணெயும் சுண்ணாம்பும் ஒரே வீட்டில் குடியிருந்து தினமும் சண்டை போட்டால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு வாசனை. உள்ளே நாதஸ்வரம். வெளியே நான். கையில் மொய்க்கவர். அந்த வாசனையில், நான் பெண்ணாக வளர்ந்த காஜா பெராங் வீட்டின் பின்பக்கக் குழாயடியில் அப்பா மறுபடி குந்தி உட்கார்ந்துவிட்டார்.

சனிக்கிழமை தோறும் முகாமிலிருந்து வருவார், இரவே திரும்பிவிடுவார். வந்ததும் வீட்டுக்குள் நுழைய மாட்டார், நேரே குழாயடிதான். தொப்பி முத்திரை, வார்ப்பூட்டு, பித்தான் என்று உடம்பில் மின்னக்கூடியதை எல்லாம் கழற்றி வைத்துத் தேய்ப்பார். தேய்த்து முடித்ததும் இரண்டு கைகளையும் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பார். திருப்தி என்றால் படியேறுவார், இல்லையென்றால் மறுபடியும் டின். பட்டாளத்து ஒழுங்கு அப்படித்தான் என்று அம்மா அக்கம்பக்கத்துக்கு விளக்கம் கொடுத்து வைத்திருந்தாள்.

அப்புறம் சாப்பாடு. முதல் கவளம் உள்ளே போகும். ஒரு விரல் மேலே எழும்பும். "உப்பு" என்பார். கூடவா, குறைவா என்று சொல்ல மாட்டார். அது அம்மா அடுத்த சனிக்கிழமைக்குள் கண்டுபிடிக்க வேண்டிய விடுகதை. அடுப்பங்கரைப் பக்கம் அவர் கால் பட்டு நான் பார்த்ததில்லை. வெந்நீர் கொதிக்கிறதா என்று பார்க்கச் சொன்னாலும், அது கொதித்தால் தானே சொல்லும் என்பது போல உட்கார்ந்திருப்பார்.

வெள்ளைக்காரன் பட்டாளத்தில் லாரி ஓட்டுகிறார், கார்ப்பரல், கையில் இரண்டு பட்டை. வீட்டுக்குத் தெரிந்த அப்பா இவ்வளவுதான். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளும் பட்டாளமும் சுட்டுக்கொண்டிருந்த அவசரகாலம் அது. லாரி ஓட்டுகிறவர் என்றால் தெருவே வழிவிடும். பட்டைகளுக்கு அம்மா தனியாக இஸ்திரி போடுவாள்.

ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு அவர் போய்ச் சேர்ந்தார். முகாமிலிருந்து ஒரு மலர்வளையம் வந்தது, கூடவே ஓர் இளம் துரை. இரண்டும் புழுக்கத்தில் வாடியிருந்தன. எங்களில் ஒரு வழக்கம் உண்டு. போகிறவருக்குப் பிடித்ததைப் பெட்டிக்குள் வைத்து அனுப்புவோம். வெற்றிலை வைத்தார்கள், சுருட்டு வைத்தார்கள். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, எதையும் கொஞ்சமாகச் செய்யத் தெரியாதவர். துக்கத்தில் அவர் கை இன்னும் தாராளமானது. பட்டை தைத்த சட்டையை வைத்தார். பட்டாளத்துச் சம்பளப் புத்தகத்தை வைத்தார். கார்ப்பரல் ஆக்கிய கடிதத்தை நான்காக மடித்துப் பையில் செருகினார். கடைசியாக ஐசியையும், அதாவது அடையாள அட்டையையும்.

"மேலே எத்தனை ரோடு பிளாக் இருக்கோ, யாரு கண்டா? அண்ணன் எங்கயும் கை கட்டி நிக்கக் கூடாதுலா" என்றார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. சரியான யோசனை என்று தலைகள் ஆடின. தேங்காய் வாங்க பாசாருக்குப் போனாலே ஐசி கேட்ட காலம். எமலோகத்தில் கேட்காமல் விடுவார்களா என்ன? அப்பா ஆவணங்களோடு பூமிக்குள் இறங்கினார். வந்திருந்த எல்லோரிலும் அவரிடம்தான் தாள் குறையில்லாமல் இருந்தது.

கல்லறைக் கல்லுக்குச் சித்தப்பா ஒரு சீனக் கொத்தரைப் பிடித்தார். கார்ப்பரல், லாரி டிரைவர் என்று சொல்லிவிட்டு வந்தார். கொத்தர் தொழில் பக்தி உள்ளவர். இரண்டு பட்டைகளைச் செதுக்கினார். கீழே ஒரு லாரி செதுக்கினார். முகப்பு விளக்கு, படுதா, சக்கரத்து ஆணிகள் வரை ஒன்றையும் விடவில்லை. அப்பாவின் பெயருக்கு ஓரமாகக் கொஞ்சம் இடம் மிஞ்சியது.

ஊரெல்லாம் கொடித்துணி தைத்துக்கொண்டிருந்த, மெர்டேக்கா என்ற சுதந்திரத்துக்கு முந்திய மாதங்களில் முகாமிலிருந்து ஒரு பழுப்பு உறை வந்தது. துரைமார் மூட்டை கட்டுகிறார்கள், பழைய கோப்புகளை மூடுகிறார்கள். வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவள் நான்தான். தட்டச்சு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்ததால் என்னை வக்கீலாகவே மதித்தார்கள். படித்தேன். காலஞ்சென்றவர் சாதாரண சிப்பாய். வேலை: சமையல். பதக்கம்: இல்லை. சரிதான் என்று விதவை கையெழுத்திட வேண்டும். திருத்தம் இருந்தால் அலுவலகம் மூடுவதற்குள் வர வேண்டும்.

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். பட்டை போனது அவளுக்கு இரண்டாவதாகத்தான் காதில் விழுந்தது.

"சமையல்காரனா? என் குழம்ப ஒரு நாள் நல்லா இருக்குன்னு சொல்லாத மனுசன் சமையல்காரனா?"

கையெழுத்துப் போட்டால் கல்லில் இருப்பதெல்லாம் பொய் என்று அவளே ஒப்புக்கொடுத்த மாதிரி. போடாமல் இருந்தாலும், முகாம் மூடியபின் இதைக் கேட்க உலகத்தில் ஒரு நாற்காலியும் மிஞ்சாது. அவளுக்கு அந்த இரண்டு பட்டையும் வேண்டும். லாரியும் வேண்டும். துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு, பத்து பெரெண்டாம் பக்கம் இருந்த அந்த முகாமுக்குப் பஸ் ஏறினோம். சித்தப்பாவும் கூட வந்தார், ஆதாரங்களைப் புதைத்தவர் என்ற முறையில்.

அங்கே இருந்த தலைமைக் குமாஸ்தா தமிழர். அதை எங்களிடமிருந்து மறைக்கக் கொஞ்ச நேரம் ஆங்கிலத்தில் பேசிப் பார்த்தார். தலையில் தடவியிருந்த எண்ணெய்க்கு மின்விசிறியே வழுக்கும். சம்பளப் புத்தகம் எங்கே என்று கேட்டார். அவரிடம் இருக்கிறது என்றாள் அம்மா. அவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டார். கல்லறையில் என்றேன் நான். குமாஸ்தாவின் ஆங்கிலம் அந்த இடத்தில் இறங்கிவிட்டது.

"அம்மா, ஒரிஜினல் இல்லாம நான் ஒண்ணும் செய்ய முடியாது."

"ஒரிஜினல் அங்கதான் படுத்திருக்கு. போய்ப் பாத்துட்டு வாங்க" என்றாள் அம்மா.

தோண்டிவிடலாம் அண்ணி, காலையில் ஆள் பிடித்து வருகிறேன் என்றார் சித்தப்பா. அம்மா பார்த்த பார்வையில் அவரையே புதைத்திருக்கலாம். குமாஸ்தா இன்னொரு வழி சொன்னார். கூட வேலை பார்த்த மேலாள் யாராவது சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தால் போதும்.

அப்படி ஒருவர் எங்களுக்கு நாலு சந்து தள்ளியே இருந்தார். கம்போங் சிட்டியில் ஓய்வில் இருந்த சார்ஜன். உள்ளூர்ப் பெண்களை மணம் முடித்து இங்கேயே தங்கிப்போன பழைய தமிழ் வணிகர்களின் வழி வந்தவர்கள் சிட்டிகள். எங்களைவிட ஒழுங்காகச் சாமி கும்பிடுவார்கள், எங்களைவிட அழகாகத் திருநீறு பூசுவார்கள். தமிழில் ஏதாவது கேட்டால் இனிமையாகச் சிரிப்பார்கள். பேச்செல்லாம் அவர்கள் பாணி மலாய்தான். அம்மாவுக்குத் தெரிந்ததோ மீன் வாங்கும் மலாய். அதில் பேரம் பேசலாம், புருஷனைப் பற்றிப் பேசுவது சிரமம். நான் அவரை மாமா என்று கூப்பிட்டேன். அந்தச் சொல் இரு பக்கமும் செல்லும்.

அப்பாவின் பெயரைச் சொன்னதும் மாமாவின் முகம் விரிந்தது. துக்காங் மாசாக் என்றார். சமையல்காரர். அது விளங்க மீன் மலாயே போதும். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

அவர் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே போனார், அடுத்த வீட்டுக் கல்யாணக் கதை மாதிரி. அப்பாவுக்கு லாரி ஓட்டவே தெரியாதாம். அடுப்பும் அண்டாவுமாக லாரியின் பின்பக்கம் உட்கார்ந்து போகிறவர். ஒருநாள் காட்டுப் பாதையில் சுட்டார்கள். டிரைவர் சாய்ந்துவிட்டார். பின்னால் சிப்பாய்கள், முன்னால் ஓட்ட ஆளில்லை. அப்பா கையில் கரண்டியோடு முன்னால் ஓடி ஏறி, காலில் கிடைத்ததை எல்லாம் மிதித்தார். லாரி முதல் கியரில் அலறிக்கொண்டே வளைவைத் தாண்டிப் போய் ஒரு பள்ளத்தில் படுத்தது. தோட்டா எட்டாத பள்ளம். அத்தனை பேரும் பிழைத்தார்கள். பட்டை அதற்குத்தான் கொடுத்தார்கள். பதக்கத்துக்கும் எழுதினார்கள். படைப்பிரிவு இடம் மாறியபோது அந்தக் கோப்பு வேறு ஏதோ வண்டியில் ஏறிவிட்டது.

மாமா இன்னொன்றும் சொன்னார். சனிக்கிழமை கிளம்பும்முன் கையில் வெங்காய வாசம் போக அப்பா பாலிஷைத் தேய்த்துக்கொள்வாராம். மறுபடி வீட்டிலும் ஒரு தடவை தேய்த்தால்தான் போகும் என்பாராம். முகாமே சிரிக்குமாம். துரைமாருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொரித்த மாட்டிறைச்சி அவர் கை வேலை என்று சொல்லும்போதுதான் மாமாவுக்கு எதிரில் இருப்பவள் யார் என்று உறைத்தது. நிறுத்திக்கொண்டார்.

சாட்சி சொல்ல வருகிறேன் என்றார். ஆனால் நடந்தது நடந்தபடி. கார்ப்பரல், சமையல்காரர். லாரி டிரைவர் என்று சத்தியம் பண்ண முடியாது, அம்மனுக்குப் பால்குடம் எடுக்கிறவன் என்றார்.

வெள்ளிக்கிழமை முட்டையோட்டைக்கூட வாசலுக்கு வெளியே கொண்டுபோய்ப் போடும் வீடு எங்களுடையது. அதற்குப் பிறகு வந்த நாட்களில் அம்மா அப்பாவின் படத்துக்கு விளக்கேற்றவில்லை. அவருடைய தட்டைத் தேய்த்தாள், திரும்பத் தேய்த்தாள். சித்தப்பா சும்மா இருப்பாரா? வேறு சாட்சி பிடிக்கலாம் அண்ணி, மாட்டுக்கறி சமைத்தவன் மகள் என்று தெரிந்தால் இவளை யார் கட்டுவார்கள் என்றார். காற்றோடு போன மாட்டுக்கறிக்கு நான் ஏன் கன்னியாக இருக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. அன்று மாலை அம்மா அரிசி களைந்துகொண்டே, தண்ணீரிடம் கேட்பது போலக் கேட்டாள்.

"சமைக்கிறவன் ருசி பாக்காமலா இருப்பான்?"

நான் அரிசியைப் பார்த்தேன்.

குறித்த நாளில் முகாமுக்குப் போனபோது துரையின் அறையில் நாற்காலிகளைக்கூடப் பெட்டி கட்டியிருந்தார்கள். ஒரு சாம்ராஜ்யமே நின்றுகொண்டு கையெழுத்துப் போட்டது. மாமா பழைய சீருடையில், நெற்றியில் திருநீறோடு, சத்தியம் செய்தார். துரை எழுதினார். அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு நன்றாக நினைவிருக்கிறது என்றார். அந்தக் காலத்தில் முகாமில் பீர் அமோகமாகச் செலவானது என்றும் சொல்லி, நாக்கை ஒரு சுழற்று சுழற்றினார். மரியாதைக்கு அதை நான் மொழிபெயர்க்கவில்லை. பிறகு கேட்டார், நாங்கள் முதலில் கொடுத்த மனுவில் வேலை என்ற இடத்தில் லாரி டிரைவர் என்று இருக்கிறதே, அதை என்ன செய்வது?

சித்தப்பா இருமினார். அம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"சமையல்காரருன்னே இருக்கட்டும். பட்டை ரெண்டும் வேணும்னு சொல்லு."

சொன்னேன். முத்திரை விழுந்தது. கோப்போடு காணாமல் போயிருந்த பதக்கத்தையும் ஓர் அட்டைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். பெட்டி புளிப்பு மிட்டாய் டப்பா அளவுதான் இருந்தது. குமாஸ்தா எங்களுக்காகக் கதவைத் திறந்துவிட்டு, நல்ல தமிழில் போய் வாருங்கள் என்றார். மெர்டேக்கா அவருக்குக் கொஞ்சம் முன்னதாகவே வந்துவிட்டது.

பஸ்ஸில் சித்தப்பா, கல்லில் லாரியை அழிக்கக் கொத்தர் என்ன கேட்பாரோ என்று ஆரம்பித்தார். இருக்கட்டும், ஒரு தடவை ஓட்டினார் இல்லையா என்று அம்மா முடித்துவிட்டாள். இன்றைக்கும் அந்த லாரி அங்கேதான் நிற்கிறது. பாசி படிந்து, படுதா கறுத்து, முதல் கியரில்.

அட்டைப் பெட்டியை அம்மா மடியில் வைத்திருந்தாள், திறக்கவில்லை. ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். காஜா பெராங்கில் இறங்கினோம். சித்தப்பா சுருட்டு வாங்கக் கடைப்பக்கம் போனார். கம்போங் சிட்டி சந்து பிரியும் இடத்தில் மாமா தொப்பியைக் கழற்றி விடைபெற்றார். அம்மா தலையசைத்துவிட்டுக் கொஞ்ச தூரம் நடந்தாள். நின்றாள். திரும்பி வந்தாள். கேட்க வேண்டியதை மீன் மலாயில் தேடினாள். அதில் அந்த வார்த்தைகள் இல்லை போலும், இருந்தாலும் வாயில் வரவில்லை போலும். கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அவரு வெள்ளைக்காரனுக்குச் செஞ்ச கறியில உப்பு எப்படி இருக்கும்னு கேளு."

கேட்டேன். மாமாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு மெல்லச் சொன்னார். மலாயில்தான் சொன்னார். எனக்கு அது தமிழில்தான் நினைவிருக்கிறது.

"கூட, அக்கா. எப்பவும் கூடத்தான். ஒரு நாளாவது வாயில வச்சுப் பாத்தாத்தானே."