அக்கா பெயரில் வந்த ஸ்பேம்

இன்று என் இமெயில்களைப் பிரித்து வைத்தேன். பேங்குக்கு ஒரு முகவரி, கடைகளுக்கு ஒன்று, குடும்பத்துக்கு ஒன்று. ஸ்பேம் குவிந்த பழைய முகவரியை மூடிவிடலாமென்று திறந்தேன்.

அக்கா பெயரில் புதிதாக ஒரு மெயில். எப்படி இருக்கிறாய் என்று கேட்டு, கீழே ஒரு லிங்க்.

எங்கள் நாட்டில் நடந்த ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு எங்கள் ஊரான லாமியை விட்டு ஆக்லாந்து போனவள் அக்கா. போன வருஷம் அங்கேயே இறந்துபோனாள்.

"யாரோ அவங்க அக்கவுண்டைத் திருடியிருக்காங்க. பிளாக் பண்ணிடு" என்றார் கணவர்.

எனக்கும் தெரியும். லிங்க்கைத் தொடவில்லை. ஆனால் பிளாக் பண்ணக் கை வரவில்லை.

"நல்லா இருக்கேன்க்கா" என்று எழுதி அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது: "லிங்க்கைத் திறந்தாயா?"

அந்த முகவரியை இன்னும் மூடவில்லை. உங்களுக்கும் இப்படி யாராவது எழுதுகிறார்களா?