பலகைக்கு மேலே ஓர் இடைவெளி

அந்தக் கண்ணாடிப் புட்டித் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் "மனசு மேடம்" என்பார்கள். உளவியல் படித்தவள். ஆட்கள் ஏன் வேலையை விட்டு ஓடுகிறார்கள் என்று அறிய நிர்வாகம் வைத்த ஆள். தனியாகப் பேச ஓர் அறை வேண்டும் என்று அடம்பிடித்தாள். மேலாளர் தன் அறையையே பலகை அடித்து இரண்டாக்கிப் பாதியைக் கொடுத்தார்.

சரக்குத் தூக்கும் வண்டி ஓட்டுபவருக்கு "ஆமை" என்று பட்டப்பெயர். ஒரு நாள் உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டு அழுதார்.

"மச்சான் விபத்துல போனதுலேருந்து கை நடுங்குது மேடம். கொஞ்ச நாள் வண்டி ஓட்டாம கீழ்வேலை போட்டா சரியாயிடும். வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்."

"நான் பக்குவமா பேசி வாங்கித் தரேன் அண்ணே. இங்க பேசுறது வெளிய போகாது."

மறுநாள் காலை அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். கை நடுங்குகிறவனுக்கு வேலை இல்லையாம்.

"வாயைக் கிளறி அழகா போட்டுக் குடுத்துட்டீங்க மேடம்," என்றார் வேலைக்கு வந்த அவளைப் பார்த்து.

அவள் மேலாளரிடம் ஓடினாள். "உங்களுக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லலம்மா. தானா காதுல விழுது." மேலே கை காட்டினார். இரண்டு அறைக்கும் ஒரே ஏசி. காற்று போகட்டும் என்று பலகையைக் கூரைவரை அடிக்காமல் விட்டிருந்தார்கள்.

பயத்தை அளக்க எத்தனையோ கேள்வித்தாள்கள் படித்தவளுக்கு ஒரு தரம் அண்ணாந்து பார்க்கத் தோன்றவில்லை. இத்தனை மாதமும் அந்த மனிதர் காலாட்டிக்கொண்டு கதை கேட்டிருக்கிறார்.

"அவரை உள்ள விடுங்க."

"யார் சம்பளத்துல உக்காந்திருக்கேன்னு நெனப்பு இருக்கா?"

சாப்பாட்டு நேரத்தில் பெஞ்சின் மேல் ஏறினாள்.

"என் ரூம்ல நீங்க சொன்னதை எல்லாம் மேனேஜர் கேட்டிருக்காரு! கை நடுங்குதுன்னு நம்ம டிரைவர் அண்ணன் என்கிட்ட சொல்லி அழுதாரு. அதை ஒட்டுக்கேட்டுத்தான் வெளிய தள்ளியிருக்காங்க!"

"அய்யய்யோ, என் மாமியார் கதையுமா?" என்றாள் பேக்கிங்கில் ஒருத்தி. சிரிப்பு எழுந்து பாதியில் செத்தது. அவரவர் சொன்னது அவரவருக்கு நினைவு வந்தது. மணி அடித்தும் யாரும் எழவில்லை. உள்ளே புட்டிகள் பெல்ட்டில் குவிந்து நொறுங்கத் தொடங்கின.

மாலைக்குள் ஓட்டுநருக்குக் கீழ்வேலை கிடைத்தது. மேலாளர் மனம் இரங்கவில்லை, சரக்கு போய்விடுமே என்ற பயம்தான். அவளைப் போகச் சொல்லிவிட்டார்கள்.

பையோடு வாசலுக்கு வந்தவளை ஓட்டுநர் மறித்தார்.

"போட்டுக் குடுத்தது நீங்க இல்லைன்னு தெரிஞ்சுக்கிட்டேன் மேடம். ஆனா அந்த ஆளு ஒருத்தனுக்குத்தான் தெரிஞ்சிருந்தது. நான் அழுததை ஊருக்கே சொல்ல உங்களை யார் கேட்டா?"

அவர் கைகளைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு உள்ளே போனார்.