எச்சரிக்கையில் எங்கள் மலையைக் காணோம்

குறை கேட்கப் போகிற உத்தியோகத்தில் முதல் குறையே, யாரும் குறை சொல்லமாட்டார்கள் என்பதுதான். கையில் கேள்வித்தாளோடு வாசல் வாசலாக ஏறி இறங்கியவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

மண்சரிவு எச்சரிக்கை போடுகிற அரசாங்க இணையத்தளம் ஒன்றைத் திருத்தப்போகிறார்கள், மக்களிடம் கருத்துக் கேட்டு வா என்று என்னைப் பதுளைப் பக்கம் அனுப்பினார்கள். மழைக்கு மலை இறங்குகிற ஊர்கள். அந்தத் தளத்தில் ஒரு வரி விளங்காமல் போனாலும் உயிர் போய்விடும். ஆகவே ஒருவரையும் விடுவதில்லை என்றுதான் கிளம்பினேன்.

காலைப் பெரட்டு

பூனாகலைப் பக்கம் ஒரு தோட்டம். விடிந்ததும் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டில் பெண்கள் கூடையோடு நின்றார்கள். தளம் எப்படி என்று கேட்டேன். "நல்லா இருக்குங்க மிஸ்" என்றார்கள் வரிசையாக. பார்த்திருக்கிறீர்களா என்றால், இல்லையாம்!

பார்க்காததை ஏன் நல்லதென்கிறீர்கள் என்று, கடைசியாக நின்ற புஷ்பத்தை மடக்கினேன். அவர் சிரிக்கவே இல்லை. "கொறை சொன்னா அது தொரை காதுக்குப் போயிரும். நல்லா இருக்குன்னா நீங்களும் போயிருவீங்க, நாங்களும் மலைக்குப் போயிருவோம்."

பதுளைக் கடையில்

பதுளை பஜாரில் இரும்புக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன், அங்கே சொல்வதுபோல் நானா, நேர்மாறு. கேட்பதற்கு முன்பே போனை நீட்டினார். தளத்தைத் திறந்தால் திரை முழுக்க ஒரு பெரிய மனிதரின் படம். அதைத் தள்ளித் தள்ளித்தான் எச்சரிக்கைக்குப் போகவேண்டும்.

"மகள், மழை எப்பிடியெண்டு பாக்கத் தொறந்தா இவர் சிரிச்சிக்கிட்டு நிக்கிறார். இவர் கீழ எறங்குறதுக்குள்ள எங்கட மலை எறங்கிரும்."

கோயில் வளைவு

இரண்டாம் தடவை தோட்டத்துக்குக் கேள்வித்தாளைப் பையில் போட்டு மூடிக்கொண்டுதான் போனேன். புஷ்பம் பிளேன்டீ கொடுத்தார். பிறகு அவர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் கூட்டிப்போய், மண் வெடித்திருப்பதைக் காட்டினார். அதற்கு மேலே தேயிலை, கீழே அவருடைய இரண்டு பிள்ளைகளும் படுக்கிற அறை.

சிக்னல் கிடைப்பது கோயில் வளைவில் மட்டும். அங்கே போய்த் தளத்தைத் திறந்தோம். சிவப்பு எச்சரிக்கையின் கீழே கிராமப் பிரிவுகளின் பெயர்கள். தோட்டத்தில் அந்தப் பெயர்களை யாரும் சொல்வதில்லை. தோட்டப் பிரிவைக் கணக்கு என்பார்கள், புஷ்பம் இருப்பது மேல்கணக்கு. அந்தப் பெயர் எங்கேயும் இல்லை. புஷ்பம் திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்.

"எங்க பேரு இல்லியே மிஸ். எங்க மலை எறங்காதுன்னு எடுத்துக்கிறதா, எறங்குனாலும் பரவாயில்லன்னு எடுத்துக்கிறதா?"

அதிகாரியின் நாற்காலி

தளத்துக்குப் பொறுப்பான அதிகாரிக்கு இந்தக் கேள்வியை அப்படியே எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. புஷ்பமும் மற்றப் பெண்களும் சொல்லச் சொல்ல, எந்தக் கணக்கு எந்தக் கிராமப் பிரிவில் வருகிறது என்று குறித்துக்கொண்டு அவர் முன்னாலேயே போய் உட்கார்ந்தேன். எல்லோரும் நல்லா இருக்கு என்றுதானே சொல்லியிருக்கிறார்கள் என்றார். அவர் சாப்பிடப் போய்த் திரும்பும்போதும் நான் அதே நாற்காலியில்தான் இருந்தேன். மறுநாளும்!

கடைசியில் பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க எழும்புறதா இல்ல. உங்கள எழுப்புறதைவிட அந்தப் பேரைப் போட்டுடுறது லேசு."

அடுத்த மழை

மழை பிடித்த ஒரு மாலை, கோயில் வளைவிலிருந்து புஷ்பம் போனில் கூப்பிட்டார். பின்னால் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. மேல்கணக்கு என்று சிவப்பில் வந்திருக்கிறதாம். பார்த்தவுடன் லயத்தையே கிளப்பிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்களாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்கு அதற்கெல்லாம் நேரமில்லை.

"பாதுகாப்பான எடத்துக்குப் போகச் சொல்லுது மிஸ். ஸ்கூலுக்குத்தான் போறோம், ஆனா ஸ்கூலும் இதே மலையிலதான இருக்கு?"

குறை சொல்ல வைத்தே தீருவேன் என்று கிளம்பியவளுக்கு இப்படியொரு குறை வந்து சேர்ந்தபிறகு, அதிகாரி அந்த நாற்காலியை எடுத்து ஒளித்து வைத்தாலும் தரையில் உட்காருவதாகத்தான் உத்தேசம்.