சின்ன ஒப்பரேசன்

டிக்கோயாப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் சின்ன ஒப்பரேசன் என்றால் ஒரே அர்த்தம்தான்: இனிப் பிள்ளை பெறாமல் செய்துவிடுவது. தம்பி பிறந்த கையோடு தோட்டத்து டொக்டர் ஐயா அம்மாவையும் லொறியில் ஏற்றி அனுப்பினார். வயிற்றில் சின்னத் துளை, சீக்கிரமே கொழுந்தெடுக்கப் போகலாம் என்றார். சின்ன ஒப்பரேசன் என்றால் என்னவென்று அப்போது அம்மாவுக்குத் தெரியாது, அவரும் சொல்லவில்லை. அடுத்த வருடம் தம்பி வயிற்றோட்டத்தில் செத்துப்போனான். இன்னொரு பிள்ளைக்கு ஏங்கி, அந்த டொக்டரிடமே மருந்து கேட்கப் போனபோதுதான் இனிக் கிடையாது என்று அம்மாவுக்குத் தெரிந்தது.

இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகு ஒருநாள் அம்மாவுக்கு ரொட்டி தொண்டையைத் தாண்டவில்லை. பிறகு சோறும் இறங்கவில்லை. உணவுக்குழாயில் புற்றுநோய் என்றார்கள். டவுன் ஆஸ்பத்திரியில் சிங்கள டொக்டர் பொறுமையாக இரண்டு வழி சொன்னார். யாழ்ப்பாணத்துத் தாதி அதைத் தமிழில் சொன்னாள்.

"நெஞ்சைப் பெரிசா வெட்டித் திறந்தும் செய்யலாம் அம்மா. இல்லாட்டி சின்னச் சின்னத் துளை போட்டு, கமரா விட்டும் செய்யலாம். ரெண்டிலயும் கட்டியை எடுப்பினம். துளை எண்டால் நோவு குறைவு, இருமிச் சளியைத் துப்பலாம். சின்ன ஒப்பரேசன் மாதிரித்தான், பயப்பிடாதேங்கோ."

அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும், பாவம். அம்மாவின் முகம் இறுகிவிட்டது.

"சின்னது வேணாம். பெருசாவே வெட்டச் சொல்லு. தெறந்து எடுத்தா என்னத்த எடுக்குறாங்கன்னாவது தெரியும்."

இது வேறம்மா என்று எவ்வளவோ சொன்னேன். "ஒருக்கா ஏமாந்தது போதும்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பெரிதாகவே வெட்டினார்கள். கட்டி முழுதாக வந்துவிட்டது. ஆனால் காயம் முதுகுவரை ஓடியது. இருமச் சொன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பாள். நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது, அதிலேயே போய்ச் சேர்ந்தாள். துளை போட்டிருந்தாலும் உறுதி சொல்ல முடியாது என்றார் டொக்டர். அவர் நேர்மையாகத்தான் சொன்னார், எனக்குத்தான் ஆறவில்லை.

பென்சன் வாங்கிவிட்ட அந்தத் தோட்டத்து டொக்டர் ஐயா பூமாலையோடு எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தார். என்ன நடந்தது என்று விசாரித்தார். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"சின்ன ஒப்பரேசன் செஞ்சிருக்கலாமேம்மா."

"செஞ்சாங்களே ஐயா. நீங்கதானே லொறியில ஏத்துனீங்க" என்றேன்.