கழுத்தில் தொங்கிய எலும்பு

அப்பா இறந்த பிறகு நான் கறுப்பு மட்டுமே உடுத்தினேன். அதற்காக அம்மா எங்கள் சௌராஷ்டிர மொழியில் திட்டியதைத் தமிழில் சொன்னால் பாதிகூட உறைக்காது. காளவாசல் பிரவுசிங் சென்டரில்தான் கறுப்பு உடுத்தும் மேல்நாட்டுக் கூட்டத்தைக் குறிக்கும் 'கோத்' என்ற சொல்லே எனக்குத் தெரியவந்தது. சாவைப் பற்றி முணுமுணுக்கும் பாடல்கள், நகத்தில் கறுப்புப் பூச்சு, கண்ணைச் சுற்றி அப்பிய மை. எங்கள் வீட்டில் சாவைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அந்தப் பாடல்கள் பேசின. எனக்கு அவற்றைக் கேட்பதே சாமி கும்பிடுவது போல இருந்தது.

சென்டரில் அந்தப் பாட்டுக்காகக் கூடும் நாலைந்து பேரில் ஓர் இன்ஜினியரிங் மாணவன்தான் பூசாரி மாதிரி. கோயில், திருநீறு, என் அம்மாவின் வெள்ளிக்கிழமை விரதம் எல்லாமே அவனுக்குக் கேலி. ஒரு மத்தியானம் சட்டைக்குள்ளிருந்து கறுப்புக் கயிற்றை வெளியே எடுத்தான். விரல் நீளத்தில் ஏதோ தொங்கியது. நுனி கரிந்திருந்தது.

"மனுச எலும்பு. இதான் இனிமே நம்ம தாயத்து."

யாருடையது என்று கேட்டேன்.

"எவனுக்குத் தெரியும்? சுடுகாட்டுல அம்புட்டு கெடக்கு."

சொல்லிவிட்டு அதை வாயில் கவ்விப் பல்லைக் காட்டினான். எச்சில் வழிந்தது. கோயிலே வேண்டாம் என்ற மற்றவர்கள் அதை ஆளுக்கொரு தரம் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

அப்பாவின் காடாத்துக்கு அண்ணன்தான் போனான். பால் தெளித்து எலும்பு பொறுக்கி வந்தவன், எல்லாவற்றையும் பொறுக்க முடியவில்லை என்று யாரிடமோ சொன்னது காதில் விழுந்திருந்தது.

கயிற்றைப் பிடித்து இழுத்தேன். அறுந்தது. அவன் சிரித்தான்.

"வச்சுக்க. நான் வேற எடுத்துக்கிறேன்."

எலும்பைக் கைக்குட்டையில் சுற்றி வைகைப் பாலம் வரை போனேன். கீழே சாக்கடையும் பன்றிகளும். போட மனம் வரவில்லை. அப்பாவை எரித்த சுடுகாட்டுக்கே போனேன், எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் போயிராத இடம். பிணம் எரிப்பவர் எலும்பை வாங்கிச் சாம்பல் குவியலில் வீசினார். அதன் பக்கத்திலேயே வெற்றிலைச் சாற்றைத் துப்பினார்.

"இதுக்கா வந்தீக? போங்கத்தா, பொம்பளையாளு இங்க நிக்கக் கூடாது."

அந்தக் கூட்டத்தின் பக்கம் பிறகு நான் போகவில்லை. அன்று வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தேன். எத்தனை முறை சோப்புப் போட்டும் விரலில் அவன் எச்சிலின் பிசுபிசுப்பு இருப்பது போலவே இருந்தது. அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். அப்பாவின் எலும்பு எல்லாம் கிடைத்ததா என்று அவளிடம் கேட்டேன். தட்டில் சோற்றை வைத்துவிட்டு எழுந்து போனாள்.