தகரக்கடை இஸ்மாயிலின் நாளைய கார்

கொடைக்கானல் பஜாரில் முகம்மது இஸ்மாயிலுக்குத் தகரக்கடை. வாளிக்கு அடி போடுவார், கார்களின் நசுங்கிய பக்கங்களைத் தட்டி நிமிர்த்துவார். 1958இல் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் காட்டிய வெளிநாட்டுப் பத்திரிகையில் ஒரு கார் படத்தைப் பார்த்தார். அன்றிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. காரின் பின்பக்கம் மீனுக்கு இருப்பதுபோல இரண்டு தகர வால்கள் எழும்பி நின்றன. பக்கத்துக்கு ஒரே கண்ணாடி, இறக்க வழியில்லாமல் அடைத்தது.

"இது விக்கிறதுக்கு இல்ல பாய். நாளைக்கு வரப்போற காரெல்லாம் இதப் பாத்துத்தான் செய்வாங்களாம்" என்றார் வாத்தியார்.

அந்தப் பேச்சுதான் இஸ்மாயிலைப் பிடித்து ஆட்டியது. தான் செய்ததைப் பார்த்து நாலு பேர் செய்ய வேண்டும்! அவருடைய வாளியைப் பார்த்து இதுவரை யாரும் அசந்துபோனதில்லை.

அடிபட்டுக் கிடந்த பழைய கார் ஒன்றை வாங்கி, மழைக்காலம் முழுக்கத் தட்டினார். படத்தில் இருந்தபடியே வால், படத்தில் இருந்தபடியே திறக்க முடியாத கண்ணாடி. உள்ளே குளிர்காற்று ஊத மிஷின் உண்டு என்று வாத்தியார் படித்துச் சொன்னபோது மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். "கொடைக்கானல்ல குளுருக்கு மிஷினா? நம்மூர்ல அது தெருவுலயே கெடக்குங்க!" மிஷினை விட்டுவிட்டார். கண்ணாடியை விடவில்லை.

முதல் சவாரி மனைவி ரஹ்மத் பீவிக்கு. பிறந்த ஊரான அடிவாரத்து வத்தலக்குண்டில் தங்கச்சி மரியம் இருந்தும், பீவி பல வருடமாக மலையிறங்கியதே இல்லை. வளைவுகளில் குடல் வாய்க்கு வந்துவிடும். "இது மிதந்துகிட்டுப் போகும், ஏறு" என்று ஏற்றினார். யாரோ அடிவாரத்துக்குக் கொடுத்தனுப்பிய பூம்பாறைப் பூண்டு மூட்டையும் கூடவே ஏறியது. இறங்க இறங்க வெயில் ஏறியது. அடைத்த கண்ணாடிக்குள் பூண்டு தன் வேலையைக் காட்டியது. பீவி கண்ணாடியைத் தட்டினார், தடவினார், திறக்க வழியில்லை. பிறகு நடந்தது இஸ்மாயிலின் புதுச் சட்டைக்குத்தான் தெரியும்.

பாதி வழியில் வண்டியைத் திருப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் பீவி சொன்னார்: "தலய நீட்ட ஒரு ஜன்னல் வையிங்க. வண்டி நாறாம இருக்க, அதுக்குக் கீழ தகரத்துல ஒரு வாய்க்கா வையிங்க."

இஸ்மாயிலுக்கு அழுகையே வந்துவிட்டது. நாளைய காரில் வாந்திக்கு வாய்க்காலா? ஆனாலும் வைத்தார். மறுமுறை பீவி வளைவுக்கு வளைவு தலையை நீட்டியபடியே வத்தலக்குண்டு போய்ச் சேர்ந்தார்.

செய்தி பரவியது. டாக்ஸிக்காரர் சேனாதிபதி வந்து காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இஸ்மாயில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாய், அந்த வாய்க்கா நம்ம வண்டிக்கும் வேணுமே. வெரசா முடியுமா?"

"வாலு?"

"வாலு எதுக்கு பாய்? வளைவுல பாறையில இடிக்கும்."

அடுத்தடுத்து வந்தவர்களும் அப்படித்தான். சில வருடங்களில் மலையேறும் டாக்ஸிகள் பலவற்றில் ஜன்னலடியில் தகரம் பளபளத்தது. வால் மட்டும் ஊரிலேயே ஒரு காருக்குத்தான், அதுவும் அவருடையது. இஸ்மாயில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வாய்க்கால் வெட்டினார்.

ஒருநாள் மரியம் வீட்டிலிருந்து திரும்பிய பீவிக்கு அந்த முகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. "ஏங்க, அந்த வாலு யார எங்க கொண்டுபோய்ச் சேத்துச்சு? நான் பெறந்த ஊர மறுபடி பாத்தது இந்தத் தகரத்தாலதான். என்னயமாதிரி எறங்காமக் கெடந்த பொம்பளைக எத்தன பேரு இப்ப போயிட்டு வர்றாங்க, தெரியுமா?"

அன்று ராத்திரி இஸ்மாயிலுக்குச் சோறு நன்றாக இறங்கியது. மறுநாள் வெள்ளனே சேனாதிபதியின் இரண்டாவது கார் வந்து நின்றது. கடையில் தகரம் தீர்ந்திருந்தது. இஸ்மாயில் கத்திரியோடு போய்த் தன் காரின் வால்களை வெட்டியெடுத்தார். ஒரு வாலுக்கு இரண்டு வாய்க்கால் தேறியது.